கேமரன் மலைப் பூவுக்குச் சிரம்பானில் எவ்வளவு வெயில்?

பள்ளி விடுமுறை முடிந்து கேமரன் மலையிலிருந்து இறங்கும் கார்களைக் கவனித்திருக்கிறீர்களா? பின்னிருக்கையில் சோளம், ஸ்ட்ராபெரி, தேயிலைப் பொட்டலம். அவற்றுக்கு நடுவே, பிள்ளைகளின் கால்களுக்கிடையில், பந்து பந்தாக நீலப் பூ பூத்த ஒரு சாடி. அதுதான் ஹைட்ரேஞ்சியா.

சிரம்பானுக்கு வந்து சேர்ந்ததும் அதை வீட்டு வாசலில், எல்லாரும் பார்க்கும்படி வைக்கிறோம். மறுநாள் மதியம் இலைகள் நனைந்த துணிபோலத் தொங்குகின்றன. ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுகிறோம். மாலையில் நிமிர்ந்துவிடுகிறது. ஆகா, தாகம்தான் என்று நினைத்துக்கொண்டு அன்றாடம் மதியம் ஊற்றுகிறோம். சில வாரங்களில் பூ பழுப்பாகிறது. அடுத்த சில மாதங்களில் அடித்தண்டு கறுத்து, செடியே போய்விடுகிறது. “நம்ம கைக்குச் செடி ராசியில்லை” என்று வீட்டுப் பெரியவர் பெருமூச்சு விடுகிறார்.

கையைக் குறை சொல்ல வேண்டாம். இதில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று வெயில் கணக்கு. இன்னொன்று இரவுக் குளிர்ச்சியின் கணக்கு. முதலாவதை நம் வீட்டு வாசலிலேயே சரிசெய்துவிடலாம். இரண்டாவதை எத்தனை நிழல் கொடுத்தாலும் சரிசெய்ய முடியாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பணமும் போகிறது, செடியும் போகிறது.

பால்மரம் சொல்லும் பாடம்

மதியத்தில் இலை ஏன் தொங்குகிறது? இதற்கு விடை நம் தோட்டங்களிலேயே இருக்கிறது.

பால்வெட்டுக்கு ஏன் இருட்டோடு போனார்கள் என்று உங்கள் வீட்டுப் பாட்டியைக் கேளுங்கள். “வெயில் ஏறினா பால் நின்னு போகும்” என்பார். அது வெறும் அனுபவப் பேச்சல்ல; முழு அறிவியல். இரவு முழுவதும் ரப்பர் மரத்தின் இலைத்துளைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். வேர் உறிஞ்சும் நீர் வெளியேறாமல் மரத்துக்குள்ளேயே தங்கும். அதனால் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்கள் விறைத்து நிற்கும். விடியற்காலையில் அந்தக் குழாய்களுக்குள் அழுத்தம் 10 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டலாம். கார் டயரில் நாம் அடிக்கும் காற்றைப்போல் நாலைந்து மடங்கு அது. கத்தி பட்டதும் பால் பீறிட்டு வருவது அதனால்தான். வெயில் ஏற ஏற, இலைகள் நீரை ஆவியாக வெளியே விடுகின்றன. மரத்துக்குள் அழுத்தம் இறங்குகிறது. பாலும் குறைகிறது.

ஹைட்ரேஞ்சியாவிலும் இதே கதைதான். ஆனால் ரப்பர் மரத்துக்கு ஆழமான வேரும், கெட்டியான தண்டும் உண்டு. உள்ளே அழுத்தம் குறைந்தாலும் வெளியே தெரியாது. ஹைட்ரேஞ்சியாவுக்கோ உள்ளங்கையை விடப் பெரிய, மெல்லிய இலைகள். சாடிக்குள் ஒரு பிடி வேர். மதிய வெயிலில் இலை செலவழிக்கும் வேகத்துக்கு வேரால் நீரை ஏற்றித் தர முடிவதில்லை. மண் ஈரமாக இருந்தாலும் இலை தொங்கும். வெயில் தாழ்ந்ததும், நீங்கள் தண்ணீர் ஊற்றாவிட்டாலும், வரவும் செலவும் சமமாகி இலை நிமிரும்.

ஆகவே மதியத்தில் தொங்கும் இலையைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். காலை 7.30 மணிக்குப் பாருங்கள். அப்போதும் தொங்கிக்கொண்டிருந்து, விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டால் காய்ந்திருந்தால், அது உண்மையான தாகம், நன்றாக ஊற்றுங்கள். காலையில் நிமிர்ந்திருந்து மதியத்தில் மட்டும் தொங்கினால், செடி கேட்பது நிழலை. அப்போது தண்ணீரை மேலும் மேலும் ஊற்றினால் மண்ணுக்குள் காற்று போக இடமில்லாமல் வேர் அழுகும். வேர் அழுகிய செடி ஈரத்தில் நின்றுகொண்டே வாடும். நாமோ அதற்கும் தண்ணீர் ஊற்றுவோம்.

நிறைந்த வாளியில் மேலும் ஊற்றினால்

வெயில் நீரை மட்டும் பறிப்பதில்லை. இலை எவ்வளவு ஒளியைப் பயன்படுத்த முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வாளி நிறைந்த பிறகும் பாலை ஊற்றினால் வழிந்து வீணாவதுபோல், எல்லையைத் தாண்டிய ஒளியை இலை உணவாக மாற்ற முடியாது. அதை வெப்பமாக வெளியேற்றப் பார்க்கும். அதுவும் முடியாதபோது, ஒளியைப் பிடிக்கும் பச்சையத்தின் அமைப்பே சிதையத் தொடங்கும். இலையின் நடுவில் வெளுத்த திட்டுகள், பிறகு விளிம்பில் பழுப்புக் கருகல் என்று அது வெளியே தெரியும்.

வெட்டவெளியில் நடுப்பகல் வெயிலின் ஒளி சுமார் ஒரு லட்சம் லக்ஸ். நம் வீட்டுக் கூடத்தில் விளக்கு வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். நம் கண் இரண்டுக்கும் பழகிக்கொள்வதால் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடிக்கு அது நூற்றுக்கணக்கான மடங்கு வித்தியாசம். எனவே “கருகுகிறதே” என்று வாசலிலிருந்து தூக்கித் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தால், செடி வயிறு நிறைந்த இடத்திலிருந்து பட்டினிக்குப் போகிறது. தண்டு நீண்டு, கணுக்களுக்கிடையே இடைவெளி கூடி, வெளிச்சம் வரும் பக்கமாகச் செடி சாய்ந்தால், நிழல் அதிகமாகிவிட்டது என்று பொருள்.

புத்தகம் சொல்லும் வெயில் வேறு

ஹைட்ரேஞ்சியாவுக்குப் பிறப்பிடம் ஜப்பான். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பர்க் 1784ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதிய பிறகு ஐரோப்பியத் தாவரவியல் இதை அறிந்தது. பிறகு அங்குள்ள தோட்டங்களில் பரவியது. அதனால் இதை வளர்க்கும் முறைகளில் பெரும்பாலானவை அந்தக் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. “காலையில் வெயில், மதியத்துக்குமேல் நிழல்”, “வீட்டின் வடக்குப் பக்கத்தில் வையுங்கள்” என்று அவை சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. நம் ஊருக்கு?

சிரம்பான் நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே 2.7 பாகையில் இருக்கிறது. லண்டன் 51.5 பாகையில். லண்டனில் ஆண்டிலேயே சூரியன் மிக உயரமாக ஏறும் ஜூன் மாத நடுப்பகலில், அது அடிவானத்திலிருந்து 62 பாகை உயரத்தில் நிற்கும். சிரம்பானில் ஆண்டிலேயே மிகத் தாழ்ந்து நிற்கும் டிசம்பர் நடுப்பகலில் அதன் உயரம் 64 பாகை. அதாவது, அவர்களுடைய உச்சிக் கோடை வெயில், நம்முடைய மிகச் சாய்ந்த வெயிலைவிடவும் தாழ்வு. ஆங்கிலப் புத்தகத்தில் “முழு வெயில் தாங்கும்” என்று போட்டிருந்தால், எந்த ஊர் முழு வெயில் என்று முதலில் கேளுங்கள்.

அடுத்து, நம் கடிகாரம். 1982 ஜனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் நேரம் அரை மணி முன்னே தள்ளப்பட்டது. அதனால் சிரம்பானில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கல்ல, ஏறக்குறைய 1.15 மணிக்கு. நண்பகல் 12 மணி என்பது சூரியக் கணக்கில் இன்னும் “காலை”. மாலை 4 மணியோ, உச்சி தாண்டி மூன்று மணி நேரம்கூட ஆகாத கடும் வெயில். “மாலையாகிவிட்டதே” என்று நான்கு மணிக்குச் செடியை வெளியே எடுத்து வைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கடிகாரத்தைவிட நம்பகமான கருவி ஒன்று உங்களிடம் உண்டு: உங்கள் நிழல். நிழல் உங்கள் உயரத்தைவிட நீளமாக விழும்வரை வெயில் சாய்வானது, செடிக்கு இதமானது. நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகும்போது சூரியன் 45 பாகையைத் தாண்டிவிட்டது என்று பொருள். சிரம்பானில் இது காலை 10.15 மணியை ஒட்டி நடக்கிறது. ஆண்டின் சில மாதங்களில் அரை மணி வரை தள்ளிப்போகும். சூரியன் உதிக்கும் ஏழு மணியிலிருந்து அதுவரை, சுமார் மூன்று மணி நேரம். ஹைட்ரேஞ்சியாவுக்கு நம் ஊரில் நேரடி வெயில் அவ்வளவு போதும். அதற்குப் பிறகு வெளிச்சமான நிழல்.

உங்கள் வாசல் எந்தப் பக்கம்?

லண்டனிலோ தோக்கியோவிலோ சூரியன் ஆண்டு முழுவதும் நடுப்பகலில் தெற்கேதான் நிற்கும். எனவே அங்கே வடக்குச் சுவரோரம் மதிய வெயில் படுவதே இல்லை. நம் சூரியன் அப்படி ஒரே பக்கம் நிற்பதில்லை. மார்ச் 27 வாக்கிலும் செப்டம்பர் 16 வாக்கிலும் அது நேர் உச்சியில் நிற்கும். அந்த நாள்களில் பகல் 1.15க்கு வெட்டவெளியில் நட்ட கம்பின் நிழல் கம்பின் அடியிலேயே ஒடுங்கிவிடும். இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே, ஏப்ரல் முதல் செப்டம்பர் நடுவரை, நடுப்பகல் சூரியன் நம் வீட்டுக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே.

தாமான் வீட்டு வாசல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூரை விளிம்பு தரையிலிருந்து 3 மீட்டர் உயரம் என்று வையுங்கள். வாசல் வடக்குப் பார்த்திருந்தால், ஜூன் மாத நடுப்பகல் வெயில் கூரை விளிம்புக்கு நேர் கீழிலிருந்து சுமார் 1.1 மீட்டர் உள்ளே வரும். தெற்குப் பார்த்திருந்தால், டிசம்பரில் சுமார் 1.5 மீட்டர் உள்ளே வரும். இரண்டு மீட்டர் உள்ளே தள்ளி வைத்த சாடியை ஆண்டின் எந்த நாளிலும் நடுப்பகல் வெயில் தொடாது. வெளிச்சம் மட்டும் கிடைக்கும்.

கிழக்கு வாசல் உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். காலை வெயில் தானாக வரும். சூரியன் ஏறியதும் கூரை மறைத்துவிடும். மேற்கு வாசல்தான் கடினம். ஒன்றேகால் மணியிலிருந்து சூரியன் மறையும் ஏழு மணிவரை வெயில் உள்ளே நுழைந்துகொண்டே இருக்கும். அதற்குமேல் சிமெண்டுத் தரையும் சுவரும் வாங்கிய சூட்டை இரவு எட்டு மணிவரை திருப்பி விடும். மேற்கு வாசலில் ஹைட்ரேஞ்சியா வேண்டாம்.

எந்தப் பக்கமானாலும் சாடியைச் சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் மரப்பலகையின் மேலோ செங்கல்லின் மேலோ வையுங்கள். வேருக்குச் சூடு ஏறாது. அதிகத் தண்ணீரும் வடியும்.

மர நிழலும் வலை நிழலும்

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு நிழல் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது தெரியும். கோக்கோ பயிரிட்ட தோட்டங்களில் கிளிரிசிடியா மரத்தை நிழலுக்காகவே நட்டார்கள். அதன் சிறிய இலைகளுக்கிடையே வெயில் புள்ளி புள்ளியாக இறங்கி, நகர்ந்துகொண்டே இருக்கும். ஓர் இலையில் வெயில் நிலைத்து நிற்காது. ஹைட்ரேஞ்சியாவுக்கு இதுவே மிக நல்ல நிழல். பலா, மாமரம் போன்றவற்றின் அடர்ந்த நிழல் அதற்கு இருட்டு.

ரப்பர் மரத்தடியில் வைக்கலாமா? ஒரு சிக்கல் இருக்கிறது. ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரம் இலை உதிர்க்கும். மேற்குக் கரைப் பகுதியில் மழை குறைகிற, சூரியன் உச்சியை நெருங்குகிற அதே காலத்தில்தான் அந்தக் கூரை பிரிகிறது. ஒன்பது மாதம் நிழலுக்குப் பழகிய மெல்லிய இலைகள் ஒரே வாரத்தில் கருகிவிடும். நிழலில் வளர்ந்த எந்தச் செடியையும் வெயிலுக்குப் பழக்குவதானால், நாளுக்கு அரை மணி, ஒரு மணி என்று இரண்டு வாரத்தில் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும்.

மரம் இல்லாதவர்களுக்குக் கருப்பு வலை இருக்கிறது. 50 விழுக்காடு, 70 விழுக்காடு என்று போட்டு விற்பது, அது தடுக்கும் வெயிலின் அளவு. ஹைட்ரேஞ்சியாவுக்கு இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நிழல் பொருந்தும். வலையைச் செடிக்கு நெருக்கமாகக் கட்டாதீர்கள். கருப்பு வலை சூடாகும். ஆள் உயரத்துக்கு மேலே கட்டி, பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க ஓர் எளிய சோதனை: நடுப்பகலில் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, ஓர் அடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்களின் நிழல் கூர்மையாக விழுந்தால் வெயில் அதிகம். ஓரம் மங்கிய நிழல் விழுந்தால் சரியான இடம். நிழலே விழாவிட்டால் இருட்டு.

எல்லாம் சரி, பூ எங்கே?

இத்தனையும் செய்து, செடி தளதளவென்று வளர்ந்து, ஓராண்டு கழிந்தும் ஒரு மொட்டும் வராமல் போகலாம். இங்கேதான் இரண்டாவது கணக்கு.

நாம் வாங்கும் இந்த வகை ஹைட்ரேஞ்சியா, பூ மொட்டை உருவாக்க வேண்டுமானால் சில வாரங்கள் தொடர்ந்து குளிர்ச்சி வேண்டும். வெப்பம் ஏறக்குறைய 18 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கி, ஆறு முதல் எட்டு வாரம் நீடித்தால்தான் தண்டின் நுனி “இலை போதும், இனிப் பூ” என்று மாறும். கேமரன் மலையின் தானா ராத்தா கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,440 மீட்டர் உயரம். இரவில் 15, 16 டிகிரிக்கு இறங்கும். அதனால் அங்கே சாலையோரத்தில்கூடப் பூத்துக் குலுங்குகிறது. நம்மவர்கள் தேயிலை பறிக்கப் போன நுவரெலியாவிலும், உதகையிலும் அது வேலியோரச் செடியாக வளர்வதும் இந்த உயரத்தால்தான்.

நூறு மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 0.6 டிகிரி குறையும். சிரம்பான் நகரம் நூறு மீட்டருக்கும் கீழே இருக்கிறது. இரவில் 23, 24 டிகிரி. நம் அங்சி மலையின் உச்சியே சுமார் 825 மீட்டர்தான். அங்கே கொண்டுபோய் வைத்தாலும் இரவு வெப்பம் 19 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நிழல் வலை பகல் சூட்டைக் குறைக்கும். இரவுக் காற்றைக் குளிரவைக்காது. குளிர்சாதன அறையில் வைத்தால், குளிர் கிடைக்கும் இடத்தில் வெளிச்சம் கிடைக்காது.

நீங்கள் வாங்கி வந்தபோது இருந்த பூ, மலையிலேயே உருவாகி முடிந்த பூ. அது வாடியதற்கு நீங்கள் காரணமில்லை. அடுத்த பூ வராததற்கும் நீங்கள் காரணமில்லை.

நிறத்துக்கும் வெயிலுக்கும் பெரிய தொடர்பில்லை. புளிப்பு மண்ணில் அலுமினியம் கரைந்து செடிக்குள் போனால் பூ நீலமாகும். காரத்தை நெருங்கும் மண்ணில் இளஞ்சிவப்பாகும். நாம் இதழ் என்று நினைப்பதும் இதழல்ல. பூவின் வெளிவட்டத்தில் இருக்கும் புல்லி இதழ்தான் பெரிதாகி நிறம் கொண்டிருக்கிறது.

பிறகு என்னதான் செய்வது?

ஹைட்ரேஞ்சியாவை வாங்கவே கூடாது என்பதல்ல. எதற்காக வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்கலாம். சில வாரப் பூவாக வாங்குங்கள். பிறந்தநாளுக்கு, தீபாவளிக்கு, அம்மாவின் ஆசைக்கு. நேரடி வெயில் படாத, காற்றோட்டமான, வெளிச்சமான இடத்தில் வைத்தால் பூ இரண்டு மூன்று வாரம், சில வேளை அதற்கும் மேல் நிற்கும். மலையிலிருந்து கொண்டுவரும்போது, வழியில் சாப்பிட நிறுத்தினால் பூட்டிய காருக்குள் விட்டுவிடாதீர்கள். செடிக்கு முதல் அடி பெரும்பாலும் அங்கேதான் விழுகிறது.

பூ முடிந்தபின் இலைச் செடியாக வளர்க்க விருப்பமானால், மேலே சொன்ன வெயில் கணக்கைப் பின்பற்றுங்கள். செடி வாழும். பூவை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

ஆண்டு முழுவதும் பந்து பந்தாகப் பூ வேண்டுமென்றால், நம் வெப்பத்துக்கென்றே பிறந்த செடிகள் இருக்கின்றன. இட்லிப்பூ என்று நாம் அழைக்கும் வெட்சி, ஹைட்ரேஞ்சியாவைக் கருக்கும் அதே வெட்டவெளி வெயிலில்தான் கொத்துக்கொத்தாகப் பூக்கும். மேற்கு வாசல்காரர்களுக்கு அதுவே பொருத்தம். அரை நிழல் வாசலுக்கு முசாண்டா இருக்கிறது. அதிலும் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் தெரிவது இதழல்ல, பெரிதாகிய புல்லி இதழ்தான். ஹைட்ரேஞ்சியா செய்யும் அதே வித்தையை, குளிர் கேட்காமல் அது செய்கிறது.

இந்த வாரம் ஒரு நாள், பகல் ஒன்றேகால் மணிக்கு உங்கள் வாசலில் நின்று, வெயில் எந்த ஓட்டுக்கல்வரை வருகிறது என்று ஒரு சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, பக்கத்தில் தேதியை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்து இன்னொரு கோடு. ஓராண்டில் உங்கள் வீட்டுக்கென்றே ஒரு வெயில் நாட்காட்டி தயாராகிவிடும். அடுத்த முறை மலையிலிருந்து எந்தச் செடியைக் கொண்டுவந்தாலும், அதை எங்கே வைப்பது என்று அந்தக் கோடுகளே சொல்லும்.